சக்கரத் தேர்வுக் குழுவின் தீர்மானம்

சக்கரத்தை முதலில் கண்டுபிடித்தவன் பெயர் சரித்திரத்தில் இல்லை. இருக்கவும் கூடாது. அவன் கோப்பு திறக்கவில்லை. மூன்று இடத்தில் விலைப்புள்ளி கேட்கவில்லை. மேலதிகாரியின் ஒப்புதலும் பெறவில்லை. ஏதோ ஒரு மரத்துண்டை உருட்டிவிட்டுப் போய்விட்டான். அந்தப் பொறுப்பின்மையால் மனித குலத்துக்கு நேர்ந்த இழுக்கைத் துடைக்கப் பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து ஒருவர் வரவேண்டியிருந்தது. 1983ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தில்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசித்த திருவாளர் கருப்பசாமி, ஒரு சைக்கிளுக்கு இரண்டு சக்கரங்களை முறைப்படி தேர்ந்தெடுத்தார்.

கருப்பசாமி தாராபுரத்துக்காரர். வயது நாற்பத்து நான்கு. தராசு, எடைக்கல் முதலியவற்றைப் பற்றிப் பொதுமக்கள் எழுதும் புகார்களைக் 'கவனிக்கும்' அலுவலகம் ஒன்றில் உதவியாளர். 'கவனிப்பது' என்பது அலுவலகச் சொல். வெளியாட்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள். பதினோரு ஆண்டுகளில் நாலாயிரத்துச் சொச்சம் புகார்களை அவர் தீர்த்துவைத்திருந்தார். அத்தனையையும் ஒரு தராசைக்கூடத் தொடாமல் தீர்த்தார் என்பதுதான் விசேஷம். தொட்டால் விருப்பு வெறுப்பு வந்துவிடும் அல்லவா?

அவரிடம் ஒரு ரேசிங் சைக்கிள் இருந்தது. சாணக்கியபுரித் தூதரகம் ஒன்றில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனது. ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹாண்டில், கட்டைவிரல் தடிமனில் டயர். அதன்மேல் குனிந்து ஆபீஸ் போகும்போது தமக்கு இருபத்திரண்டு வயது என்று கருப்பசாமி நினைத்துக்கொள்வார். பார்த்தவர்கள் வேறு எண்ணை நினைத்தார்கள்.

வீட்டில் ஒன்பதரைக்குக் கிளம்பி, பத்து எட்டுக்கும் பத்துப் பன்னிரண்டுக்கும் இடையில் ஏதோ ஒரு நேரத்தில் ஆபீஸ் சேர்வது அவர் வழக்கம். பழைய கண்காணிப்பாளர் காலத்தில் இதற்கு 'நேரத்துக்கு வருதல்' என்று பெயர். ஜூலை மாதம் பல்லா சாகிப் என்ற புதிய கண்காணிப்பாளர் வந்தார். பத்துப் பத்துக்கு வருகைப் பதிவேட்டைத் தம் மேசைக்கு இழுத்துக்கொண்டு, அதற்குப் பின் வந்தவர்களுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டார். மூன்று பெருக்கலுக்கு ஒரு நாள் விடுப்பு கழிந்துவிடும். கருப்பசாமிக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன.

இங்கேதான் சிக்கல். அவர் மனைவி அருக்காணியின் தம்பிக்கு ஆவணியில் தாராபுரத்தில் கல்யாணம். சேர்த்துவைத்த விடுப்பெல்லாம் போன வருஷத்து மஞ்சள் காமாலையில் தீர்ந்துவிட்டதால், கருப்பசாமிக்கு மிச்சம் ஆறே நாள். போக இரண்டரை, வர இரண்டரை, கல்யாணத்துக்கு ஒன்று. ஆறும் சரியாக வேண்டும். ஐந்து நாளில் போனால், தாராபுரம் பஸ் நிலையத்தில் இறங்கி எதிர்ப் பஸ்ஸில் ஏறித் திரும்ப வேண்டியதுதான்.

"என்ற தம்பிக்கு இணைச்சீர் நான் செய்யோணுங்க. அக்காக்காரி சீரு செய்யறப்ப ஊட்டுக்காரரு எங்கீன்னு ஊரே கேக்கும். நான் என்ன பதில் சொல்லட்டுங்க?" என்றாள் அருக்காணி.

"நீ கவலையே படாத. நான் தொழில்நுட்ப ரீதியா ஏற்பாடு பண்ணீட்டு இருக்கறேன்" என்றார் கருப்பசாமி.

மறுநாள் மதிய உணவு வேளையில் 'சக்கரத் தேர்வுக் குழு' கூடியது. தலைவர் கருப்பசாமி. உறுப்பினர், பக்கத்து மேசை ராஜகோபாலன், கும்பகோணத்துக்காரர். சைக்கிள் விஷயத்தில் நிபுணர். ஏறியதில்லை, அதனால் சொந்த அனுபவம் அவர் அறிவைக் கெடுக்கவில்லை.

"ஓய், ஆத்துலேர்ந்து அஞ்சு நிமிஷம் முன்னாடி கிளம்பப்படாதோ?" என்று ராஜகோபாலன் தொடங்கினார்.

"அது நிர்வாகத் தீர்வுங்க. எனக்கு வேணுங்கறது தொழில்நுட்பத் தீர்வு."

"அப்போ சக்கரத்தை மாத்தும். சலூன்ல ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகையிலே பார்த்தேன். சைக்கிள்லே வேற எங்கே கனம் குறைச்சாலும் ஒரு பங்குதான் லாபம். சக்கரத்திலே குறைச்சா ரெண்டு பங்கு."

"ஒரு கிலோ குறைச்சா ரெண்டு கிலோ குறைச்ச மாதிரிங்களா?"

"அதேதான். சுத்தற வஸ்து பாரும்!"

ராஜகோபாலனின் பார்வை கருப்பசாமியின் சட்டைப் பித்தான்கள்மேல் ஒரு கணம் தங்கியது. அது குழுவின் அதிகார வரம்புக்குள் வராத விஷயம் என்பதால் குறிப்பில் ஏறவில்லை. 'கனம் குறைந்த, விலையும் குறைந்த சக்கரம் ஒரு ஜோடி, மூன்று விலைப்புள்ளி பெற்று வாங்கப்படும்' என்று தீர்மானம் நிறைவேறி, குழு கை கழுவக் கலைந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கழற்றிய பழைய சக்கரங்களைத் தோளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு கருப்பசாமி பஸ் ஏறி ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில் இறங்கினார். முதல் கடையில் இத்தாலிய அலுமினியச் சக்கரம் தொங்கியது. ஜோடி தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய். இரண்டாம் கடையில் லூதியானா சரக்கு. பார்வைக்கு அதே பளபளப்பு, இருநூற்று இருபதுதான். மூன்றாம் கடைக்காரர் சைக்கிள் மணி மட்டுமே விற்பவர். விதி மூன்று என்று சொல்வதால் அவரிடமும் விலைப்புள்ளி கேட்கப்பட்டது. அவர் மணியின் விலையைச் சொன்னார். அதுவும் பதிவாயிற்று.

"உட்டாகே தேக்கோ ஜி! பூல் ஹை, பூல்!" என்றார் இத்தாலியச் சக்கரக் கடையின் சர்தார்ஜி. தூக்கிப் பாருங்கள், பூ மாதிரி இருக்கும் என்று பொருள்.

கருப்பசாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கை, அங்கீகரிக்கப்பட்ட கருவி அன்று. எடை என்பது தராசில் போட்டு, அதன் அடியில் அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, எழுதிக்கொள்ள வேண்டிய ஒன்று. நாலாயிரம் பேருக்கு இதையே பதிலாக எழுதியவர், தமக்கென்று வரும்போது மாறலாமா?

சர்தார்ஜியிடம் தராசு இல்லை. பக்கத்துப் பலசரக்குக் கடையில் இருந்தது, முத்திரையும் இருந்தது. கருப்பசாமி தம் பழைய ஜோடியை முதலில் வைத்தார். சக்கரம் உருண்டுவிடாதபடி கடைக்காரர் பரிவோடு கட்டைவிரலை ஊன்றிக்கொண்டார். நாலு கிலோ இருநூறு. அடுத்து இத்தாலிய ஜோடி. பரிவு தொடர்ந்தது. மூன்று கிலோ முந்நூறு.

லூதியானாச் சக்கரம் பின்சந்தில். அங்கே பலசரக்குக் கடை கிடையாது. ஆனால் பழைய பேப்பர் வாங்கும் கபாடிக்காரர் ஒருவர், கைத்தராசும் அதில் முத்திரையுமாக உட்கார்ந்திருந்தார். முத்திரை தேய்ந்திருந்தாலும் முத்திரைதான். கபாடிக்காரர் கயிற்றை இப்படிப் பிடித்து, விரலை அப்படி மடக்கி, வீடு வீடாகப் போய் இருபது ஆண்டுகளாகப் பழகிய நேர்த்தியுடன் தூக்கினார். மூன்று கிலோ நூறு!

கருப்பசாமி மூன்று முறை பார்த்தார். நம் நாட்டுச் சரக்கு இத்தாலியை இருநூறு கிராமில் தோற்கடித்திருந்தது, அதுவும் கால்வாசி விலையில். அவருக்குக் கண் கலங்கியது. சந்தில் நின்றபடியே ஒப்பீட்டுப் பட்டியல் எழுதி, 'குறைந்த எடை, குறைந்த விலை இரண்டும் ஒரே இடத்தில் அமைந்திருப்பது வியப்புக்குரியது' என்று அடிக்குறிப்பும் போட்டார். வியந்ததோடு நின்றுவிட வேண்டும், மேலே யோசிக்கக் கூடாது என்பது ஆபீஸ் பழக்கம்.

லூதியானா ஜோடியை வாங்கி வந்து மாட்டிவிட்டு, அன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் கணக்குப் போட்டார். பழையதைவிட ஒரு கிலோ நூறு குறைவு. ராஜகோபாலன் தேற்றப்படி இரண்டு பங்கு, இரண்டு கிலோ இருநூறு. ஆக, பயணத்தில் நாலு நிமிடம் மிச்சமாகும். மிச்சமானதைச் செலவழிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்பது நிதியாண்டு முடிவில் எல்லா அலுவலகங்களும் அறிந்த உண்மை. எனவே திங்களன்று கருப்பசாமி ஒன்பதரைக்குக் கிளம்பவில்லை. நிதானமாக இன்னொரு தோசை சாப்பிட்டு, ஒன்பது முப்பத்து நாலுக்குக் கிளம்பினார்.

சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. போன வருஷத்து ஏஷியாடு விளையாட்டுக்காகக் கட்டிய மேம்பாலத்தின் ஏற்றத்தில் சைக்கிள் அவரைப் பின்னுக்கு இழுத்தது. நாலு கேனில் பால் கட்டிக்கொண்டு வந்த பால்காரன் பக்கத்தில் வந்து, அவரைப் பார்த்து, "பாய் சாப், டயர்மே ஹவா ஹை?" என்று விசாரித்துவிட்டு முந்திப் போனான். காற்று இருந்தது. கருப்பசாமியிடம்தான் இல்லை.

அவர் படியேறியபோது மணி பத்துப் பதினேழு.

"கருப்ஸ்வாமி ஜி, ரூல் இஸ் ரூல்" என்று சொல்லிப் பல்லா சாகிப் மூன்றாவது பெருக்கலைப் போட்டார். ஆறு, ஐந்தாயிற்று.

மாலையில் அருக்காணி அழவில்லை, சத்தம் போடவில்லை. பால்கனியில் சாய்த்திருந்த பழைய சக்கரத்தை ஒரு கையிலும், சைக்கிளிலிருந்து அவரையே கழற்றச் சொல்லிப் புதுச் சக்கரத்தை இன்னொரு கையிலும், தண்ணீர் வாளி தூக்குகிற மாதிரி தூக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, புதுசுதான் கனமா இருக்குது."

"இருக்காது. நிறுத்துத்தான் வாங்குனேன்."

"எங்க நிறுத்தீங்க?"

"பழசை மளிகைக் கடையில. புதுசை ஒரு கபாடிக்காரங்கிட்ட."

அருக்காணி இரண்டு சக்கரத்தையும் கீழே வைத்தாள். "விக்கறவன் தராசுல எதை வெச்சாலும் கூடத்தானுங்க காட்டும். வாங்கறவன் தராசுல குறையத்தானுங்க காட்டும். மாசா மாசம் பேப்பர் போடறனே, அந்தக் கபாடிக்காரன் தராசுல என்னையத் தூக்கி வெச்சா முப்பது கிலோதான் இருப்பேன். இது தில்லியில கொழந்தைக்குக்கூடத் தெரியுமுங்க. நீங்க அந்த ஆபீசுலதான இருக்கறீங்க?"

கருப்பசாமிக்கு ரத்தம் கொதித்தது. தலைநகரில் இப்படியொரு மோசடியா? கேட்க ஆளில்லையா? உடனே உட்கார்ந்து நாலு பக்கத்துக்குப் புகார் எழுதினார். அரசு ஊழியர் தம் பெயரில் எழுதக்கூடாது என்பதால் அருக்காணியிடம் கையெழுத்து வாங்கித் தபாலில் போட்டார். 'இதைக் கண்டும் காணாமலிருக்கும் அதிகாரிகள் தாங்கள் வாங்கும் சம்பளத்துக்குத் தகுதியானவர்கள்தாமா?' என்ற கடைசி வரியை இரண்டு முறை உரக்கப் படித்து மகிழ்ந்தார்.

பத்து நாள் கழித்து அருக்காணி பிள்ளைகளுடன் ரயிலேறினாள். "சீரு செய்யறப்ப கேட்டாங்கன்னா, ஆபீசுல ரொம்ப வேலைன்னு சொல்லிக்கறேனுங்க" என்றாள் ஜன்னல் வழியாக. ரயில் நகர்ந்தபோது கருப்பசாமிக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. இந்தக் கதையில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

மறுநாள் அந்தப் புகார், எண்ணிட்டு முத்திரை குத்தி, அவர் மேசைக்கே வந்தது. வேறு எங்கே போகும்?

கருப்பசாமி அதை முழுதும் படித்தார். நெஞ்சைத் தொடும்படி எழுதியிருந்தது. 'நேரில் சென்று தராசைச் சோதிக்கலாம்' என்று குறிப்பு எழுதப் பேனாவைத் திறந்தார். பதினோரு ஆண்டுகளில் இந்த வாக்கியத்தை அவர் எழுதப்போனது அதுவே முதல்முறை. அப்போதுதான் நடைமுறை நினைவுக்கு வந்தது. சோதிக்கப் போக வேண்டியவர் உதவியாளர். காலையில்தான் போக வேண்டும். காலையில் ஜண்டேவாலான் போனால் பத்துப் பத்துக்குப் பதிவேட்டில் கையெழுத்து எப்படிப் போடுவது? தவிர, மாதக் கடைசிக்குள் நிலுவை ஒன்றும் இருக்கக்கூடாது என்று பல்லா சாகிப் உத்தரவு போட்டுவிட்டு, மைத்துனர் கல்யாணத்துக்காக ஒரு வாரம் விடுப்பில் லூதியானா போயிருந்தார்.

ராஜகோபாலன் எட்டிப் பார்த்து, "என்ன ஓய், பெரிய கேஸா?" என்றார்.

"இல்லீங்க, வழக்கமானதுதான்" என்றார் கருப்பசாமி.

கண்காணிப்பாளர் இல்லாததால் 'கண்காணிப்பாளருக்காக' என்று போட்டுத் தாமே கையெழுத்திட்டுப் பதிலை அனுப்பினார். அந்த மாதம் நிலுவையில் ஒரு புகார்கூட இல்லாத ஒரே பிரிவு அவருடையது என்று மேலிடம் பாராட்டியது.

பதில், அருக்காணி ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் பதிவுத் தபாலில் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், அதன் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி, கருப்பசாமி காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே முழுதும் படித்தாள். 'புகார் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. ஒரு தராசு கூடுதலாகவும் இன்னொரு தராசு குறைவாகவும் காட்டுவதாகப் புகார்தாரரே ஒப்புக்கொள்வதால், சராசரியில் எடை சரியாகவே உள்ளது. பொதுமக்களுக்கு நட்டமில்லை. இனி எடை போடுமுன் தராசைத் தாமே சோதித்துக்கொள்ளுமாறு புகார்தாரர் அறிவுறுத்தப்படுகிறார்.'

அருக்காணி காகிதத்தை மடித்து அவர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏனுங்க, இதுல கையெழுத்துப் போட்டிருக்கறவரு இந்தப் பதனோரு வருசத்துல ஒரே ஒரு நாளு எந்திரிச்சுப் போயி ஒரே ஒரு தராசைப் பார்த்திருந்தாருன்னா, என்ற ஊட்டுக்காரரு என்ற தம்பி கண்ணாலத்துல பக்கத்துல நின்னிருப்பாருங்க. ஆபீசுல அவரைப் பார்த்தீங்கன்னா சொல்லிப்போடுங்க."