மேல் வீட்டுக்குப் போன பாப்பா

"டிவிய அணைச்சிட்டா அதுக்குள்ள இருக்கற பாப்பா எங்கப்பா போவா?"

மூன்று வயதில், தன் வீடியோவைத் தானே பார்த்துவிட்டு மகள் கேட்ட கேள்வி. லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் கழித்து, இந்தச் சோம்பலான மதியத்திலும் தெரியவில்லை. பாப்பாவைத்தான் காணோமே!

மகள் நாளைக் காலை வெகுதூரத்து வேலைக்குக் கிளம்புகிறாள். "போறதுக்குள்ள என் சின்ன வயசு வீடியோவெல்லாம் ஒரு தடவை பெரிய டிவில பாத்துடணும்பா" என்று கேட்டிருந்தாள். ஆறு மணிக்கு வந்துவிடுவாள்.

அதற்காகவே செங்கல் அளவில், படங்களைச் சேமித்து டிவிக்கு அனுப்பும் பெட்டி ஒன்று வாங்கினார். வீடியோக்களை அதில் ஏற்றினார். எல்லாம் மேல் வீட்டு அண்ணன் எடுத்தவை. அந்தக் காலத்தில் கட்டடத்திலேயே அவரிடம் மட்டும்தான் கேமரா இருந்தது. நன்றி சொல்லப் போனால், "அதெல்லாம் அப்புறம் மொத்தமா வாங்கிக்கிறேன் தம்பி" என்று சிரிப்பார். வாங்காமலே போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

ஜன்னலோரம் நீலக் கேபிள் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பெட்டியில் சொருகிவிட்டுப் போனில் 'டிவியில் காட்டு' என்பதைத் தொட்டார். 'டிவி கிடைத்தது. படம் ஓடுகிறது' என்றது போன்.

டிவி கல்லுப் பிள்ளையார் மாதிரி கம்மென்று இருந்தது.

"ஓடுதாம்" என்றார் மனைவியிடம்.

"எங்க ஓடுது? ஊர விட்டேவா?"

பெட்டியை அணைத்துப் போட்டார். மறுபடி, 'ஓடுகிறது.' சத்தம் குறைவோ என்று போனில் முழுதாக ஏற்றினார். டிவி மூச்சு விடவில்லை. ஆனால் எங்கிருந்தோ, தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல, மூன்று வயதுச் சிரிப்பு ஒன்று மிதந்து வந்தது.

அவர் விட்டத்தைப் பார்த்தார்.

"உனக்கு ஏதாவது கேக்குதா?"

"உங்க புலம்பல்தான் கேக்குது. ஊரையே மேலயும் கீழயும் அனுப்புறவருக்கு, ஒரு டப்பாலேருந்து டிவிக்கு நாலடி தூரம் படத்த அனுப்பத் தெரியல!"

ரோஷம் வந்துவிட்டது. 'முடிந்ததும் மறுபடி ஓடட்டும்' என்பதைத் தொட்டார். இப்போது சிரிப்பு ஓயாமல் வந்தது. ஜன்னல் திரை மெல்ல ஆட, வெயில் தரையில் நீந்த, தன் மகள் மறுபடி சின்னவளாகி மேகத்தில் எங்கோ விளையாடுவதாகத் தோன்றியது அவருக்கு. கடவுளே, எனக்குப் புத்தி பிசகிவிட்டதா?

மனைவி அருகில் வந்து கேபிளைப் பிடித்துப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இது நம்ம கேபிளா? மழையில நம்ம நெட் லைன் அறுந்தப்ப மேல் வீட்டு அக்கா ஜன்னல் வழியா இறக்கி விட்டதாச்சே! உங்க போனும் அன்னிலேருந்து அவங்க வைஃபைலதான் ஒட்டிக்கிட்டிருக்கு."

அவருக்கு வேர்த்துவிட்டது. மதியம் முழுக்க அந்த அம்மா வீட்டு டிவியில் படம் ஓட்டியிருக்கிறார். முழுச் சத்தத்தில். நிற்காமல்.

மன்னிப்புக் கேட்க இரண்டிரண்டு படியாகத் தாவினார். கதவு திறந்திருந்தது. டிவியில் பாப்பா தொப்பியோடு ஆடிக்கொண்டிருந்தாள். எதிரே, அண்ணனின் மனைவியான அக்கா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா... மன்னிச்சுக்கணும். தலைவலியா இருக்கா? இப்பவே நிறுத்திடறேன்."

"ஐயோ, நிறுத்திடாதீங்க தம்பி!" கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நீங்கதான் அனுப்புறீங்கன்னு தெரியும். இந்த மனசு யாருக்கு வரும்? அவர் எடுத்தாரே ஒழிய ஒரு படத்துலயும் அவர் இல்ல. நான் பாப்பாவ பாக்கலப்பா. கேமராவுக்குப் பின்னால பேசறவரக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

நிறுத்த எடுத்த போனை அவர் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நடுநடுவே வரும் அந்த ஆண்குரலைப் படத்திலிருந்து வெட்டிவிட நினைத்திருந்தது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரியும்.

மாலையில் மகள் மேல் வீட்டில், அக்கா மடியில் தலை வைத்தே எல்லாவற்றையும் பார்த்தாள்.

மறுநாள் அவளை வழியனுப்பிவிட்டு மனைவி அசந்து தூங்கியபோது, அவர் பெட்டியை எடுத்தார். அதன் முதுகில் இரண்டு துளைகள். ஒன்றில் தன் வீட்டுக் கேபிளைச் சொருகினார். இன்னொன்றில் நீலக் கேபிளை. அது ஆடாமல் அசையாமல் இருக்க, லிஃப்டுக்கு அடிக்கும் ஆணியும் பட்டையும் போட்டுச் சுவரோடு இறுக்கினார். எந்தக் குரலையும் வெட்டவில்லை. யாரும் பார்க்கவுமில்லை.

விட்டத்துக்கு மேலிருந்து மகளின் மழலையும் அந்த ஆண்குரலும் மிதந்து வந்தன. "பெரியப்பா, உன் மூஞ்சி எங்க? காணோமே!"

"எங்கயும் போகல கண்ணு. இங்கதான் இருக்கேன்."