தேங்காயெண்ணெயும் ஆங்கிலக் கால்வாயும்

கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு கடல் தாண்ட ஆசைப்படுகிறவர்களை யாரும் தடுக்க வேண்டியதில்லை. கவிழ்த்துவிட வீட்டு மனுஷர்களின் அன்பே போதும்.

தொண்ணூறுகளில் நாங்கள் புனேயில், ஹடப்சரில் இருந்தோம். பூர்வீகம் நாகர்கோவில், அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. நான் கல்லூரியில் படித்தேன் (அதாவது போய் வந்தேன்). மற்ற நேரமெல்லாம் நீச்சல் குளம்தான். எங்கள் பயிற்சியாளர் ஜோஷி சார் ஒருநாள், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க ஒரே ஒரு பெண்ணை இங்கிலாந்துக்கு அனுப்பப் போவதாக அறிவித்தார். அந்தப் பெண் நான்தான் என்று நானே முடிவு செய்து, விமானத்தில் ஜன்னல் சீட் கேட்பது வரை யோசித்துவிட்டேன்.

தேர்வு டிசம்பர் அதிகாலையில், பல் கிட்டிக்கும் குளத்தில். சார் போதும் என்னும்வரை நீந்த வேண்டும். நடுவில் எந்த மனிதரைத் தொட்டாலும் ஆட்டம் முடிந்தது. கால்வாயிலும் அதுதான் சட்டமாம்.

உடம்பு முழுக்க கிரீஸ் தடவிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் சார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"வண்டிக்குப் போடுகத பொம்பளப்பிள்ள மேல தேக்கவா? வீட்டுல தேங்காயெண்ணெ இருக்கும்போ கிரீஸ் எதுக்கு மக்களே?"

"ஊர்லேர்ந்து வந்த செக்கெண்ணெயாக்கும். குளிரு கிட்ட வராது, கேட்டியா" என்றார் அப்பா.

புனே குளிரில் அந்த எண்ணெய் பாட்டிலுக்குள் மெழுகாக உறைந்துவிடும். தினமும் பால்கனி வெயிலில் வைத்து உருக்கித்தான் தலைக்கே தேய்ப்போம். அன்றும் அம்மா அடுப்பில் உருக்கித்தான் எனக்குத் தேய்த்துவிட்டாள். வீட்டில் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

குதித்தேன். கொஞ்ச நேரத்திலேயே எல்லோரையும் முந்திக்கொண்டிருந்தேன் (நிஜமாகவே!). என் கையும் காலும் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்துக்கொண்டிருந்ததும், பொருக்குப் பொருக்காக என்னிடமிருந்து உதிர்ந்து தண்ணீரில் மிதந்ததும் எனக்குத் தெரியாது. பின்னால் வந்த பெண் அதைப் பார்த்து, "சம்டி நிகல் ரஹி ஹை!" என்று அலறினாள்.

தோல் உரிகிறது என்று கேட்டதுதான் தாமதம். "எம் பிள்ளைக்கத் தோலு போச்சே!" என்று கத்திக்கொண்டு, கரையில் நின்றிருந்த அப்பா ஸ்வெட்டர், ஷூ, மங்கி கேப் சகிதம் ஆழமான பக்கத்தில் குதித்தார். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது.

தண்ணீருக்கு மேலே இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. சட்டம் ஞாபகம் வந்தது, இங்கிலாந்து ஞாபகம் வந்தது. அதற்குள் நான் அவரைப் பிடித்துவிட்டிருந்தேன். அவர் என்னைப் பிடித்த இடமெல்லாம் எண்ணெய்; வழுக்கி வழுக்கி மறுபடியும் உள்ளே போனார். கடைசியில் ஸ்வெட்டரைக் கொத்தாகப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன்.

ஜோஷி சார் மிதந்த பொருக்கை விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார். "நாரளாச்ச தேல்?" என்றார், தன் மூக்கையே நம்பாமல். தேங்காயெண்ணெயேதான். அப்புறம், தொட்டது தொட்டதுதான் என்று சொல்லிவிட்டார். அலறிய அந்தப் பெண் தேர்வானாள்.

திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதேன். அப்பா சொட்டச் சொட்ட நடுங்கிக்கொண்டே ஓட்டினார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "எரியுதா மக்களே?" என்று என் கையைத் தடவிப் பார்த்தார். அதற்கு மேல் அவர்மேல் எப்படிக் கோபப்படுவது?

இப்போது புனேயிலேயே, வாகடில் எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். ஒவ்வொரு டிசம்பரிலும் எண்ணெய் உறைந்ததும், "கால்வாய் வந்தாச்சு" என்று அம்மா பாட்டிலை அப்பாவிடம் நீட்டுவாள். வெயிலில் வைப்பது அவர் பொறுப்பு. உடனே என் மகள், "தாத்தா, மம்மி கதை பதாவோ நா!" என்று என் கதையைச் சொல்லச் சொல்லி ஆரம்பிப்பாள்.

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். "நான் மட்டும் அன்னைக்குக் குதிக்கல்லைன்னா, உனக்க அம்மைய யாரு காப்பாத்தியிருப்பா?"

எனக்கு நாக்கு துறுதுறுக்கும். ஆனால் அந்த இரண்டு கைகள் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

"ஆமா, தாத்தாதான் காப்பாத்தினாரு" என்பேன்.

"மங்கி கேப்புதான் கடேசிவரை கெடைக்கல்ல" என்பார் அப்பா.