கம்பெனி மடியில் காதுகுத்து

மேடையில் மொழிபெயர்ப்பவருக்கு இருக்கவே கூடாத குணம் தாராள மனசு. எனக்கு அது இளமையில் வழிந்து ஓடியது.

மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மக்கள் தொடர்பு அதிகாரியாகச் சேர்ந்த புதிது. (அதிகாரி என்றால் மேசை உண்டு, நாற்காலியைக் கணக்கெழுதும் கிராணி எடுத்துக்கொள்வார்.) வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கம்பெனியின் சமூகப் பொறுப்புத் திட்டத்துக்குத் தொடக்க விழா. மேனேஜர் லிம் ஆங்கிலத்தில் பேசுவார். நான் தமிழில் சொல்ல வேண்டும்.

“நீங்கள் தொழிலாளர்கள் அல்ல, எங்கள் குடும்பம்” என்றார். ‘குடும்பம்’ என்ற சொல்லில் உப்பு போதவில்லை என்று எனக்குப் பட்டது. மைக்கைப் பிடித்து, “கம்பெனி உங்களுக்குத் தாய்மாமன் மாதிரி!” என்று முழங்கினேன்.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. லிம் பூரித்துப்போனார்.

முன்வரிசையில் கொழுந்து பறிக்கும் செல்வி, இடுப்பில் குழந்தையோடு எழுந்து லிம்மைப் பார்த்தாள். “துரை, எனக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. ஞாயித்துக்கிழம பாப்பாவுக்குக் காது குத்துறோம். யாரு மடியில உக்கார வைக்கிறதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். நீங்களே வந்துருங்க லா!”

“என்ன சொல்கிறார்?” என்று லிம் என்னிடம் கேட்டார்.

“விசேஷத்துக்குக் கூப்பிடுறாங்க சார்.”

“கட்டாயம் வருவேன் என்று சொல்!”

சொன்னேன். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துரை எதற்கு ஒப்புக்கொண்டார் என்பது துரைக்கே தெரியாது.

சனிக்கிழமைவரை தாக்குப்பிடித்தேன். பிறகு அவர் அறைக்குப் போய் சீர்த்தட்டு, பட்டுப் பாவாடை, மாமன் மடி என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன்.

“இதையெல்லாம் நானா சொன்னேன்?”

“கொஞ்சம் நீங்க, மீதி நான், சார்.”

பேனாவை மூடி வைத்தார். “அந்தப் பெண்ணுக்கு வேறு யாருமே இல்லையா?”

“இல்ல சார்.”

“சரி, தட்டில் என்ன வைக்கணும்?”

மறுநாள் லோரி ஹாரன் முழங்க, வேட்டிமேல் ஆபீஸ் பெல்ட்டோடு துரை வந்து இறங்கினார். தட்டுகளில் பட்டுப் பாவாடை, ஸ்ட்ராபெரி, சோளம், கம்பெனித் தேயிலை. ஆசாரி ஊசியைக் குத்தியதும் பாப்பா வீறிட்டது. அதைவிடச் சத்தமாக துரை வீறிட்டார். லயத்து வீட்டுச் சனமெல்லாம் சிரித்து உருண்டது.

“அண்ணே, மொதல்ல நீங்க அழாதீங்க” என்றாள் செல்வி.

கம்பெனியின் அந்த வருஷ ஆண்டறிக்கையில் துரையும் பாப்பாவும் வாய் பிளந்து அலறும் படம் வெளியானது. கீழே, ‘சமூகப் பங்காளர்களுடன் ஆழ்ந்த நேரடி ஈடுபாடு.’ (அது நான் எழுதியதல்ல. தலைமை அலுவலகம் என்னைவிடத் தாராளம்.)

வேலை நிரந்தரமானது. கதை என் வீடுவரை பரவியதில் மானம்தான் திரும்பவில்லை. பல வருஷம் கழித்து என் மகளுக்குக் காது குத்தும்போது, என் சொந்தத் தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“நான் எதுக்குக்கா? கம்பெனிய வரச் சொல்லு. அதுக்குத்தான் பெரிய மடி!”