நூறு இல்லை, தொண்ணூற்றொன்பது

மெல்பர்ன்
ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய ஐலீன் அத்தைக்கு,

இல்லை. நூறு இல்லை. தொண்ணூற்றொன்பது. நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். அது பெர்த் வரைக்கும் வந்து சேர்ந்த வேகம்தான் எனக்கு ஆச்சரியம்.

நீங்களும் மாமாவும் நலமா என்று கேட்க வேண்டிய இடம் இது. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் ரத்த அழுத்தத்தைத் தவிர இங்கே குறையில்லை. நீங்கள் அனுப்பிய கேக் வந்தது. மேலே சர்க்கரையில் நூறு என்ற எண். வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை. மூன்றாம் நாள் அப்பா கடைசிப் பூஜ்யத்தை மட்டும் பெயர்த்துத் தின்றார். இப்போது பத்து என்று நிற்கிறது. என் அண்ணனின் தொழில் வாழ்க்கைக்கு அதுவே நியாயமான எண் என்று எனக்குப் படுகிறது.

பதினோரு வருடம். தொண்ணூற்றொன்பது ஆட்டம். வருடத்துக்கு ஒன்பது. மற்ற சனிக்கிழமைகளில் ஆங்கஸ் இரண்டாம் அணியில் இருந்தான், அல்லது ஐஸ் தொட்டியில் இருந்தான், அல்லது முழங்காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட ஆடுகிறவர்கள் அவனைப் ‘பெஞ்சு’ என்று கூப்பிடுகிறார்கள். பாசமாகத்தான். இந்த விளையாட்டில் அவமானத்துக்கும் பாசத்துக்கும் ஒரே சொல்.

இந்த ஆஸ்திரேலியக் கால்பந்தைப் பற்றி என் கருத்து உங்களுக்குத் தெரியும். முட்டை வடிவப் பந்து. எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. குறி கொஞ்சம் தவறினாலும் ஒரு புள்ளி தருகிறார்கள். என் தேர்வுகளில் எனக்கு அப்படி ஒரு சலுகை கிடைத்ததில்லை.

எப்படித் தப்பாக எண்ணினீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பன்மை வேண்டாம். எண்ணியது உங்கள் அண்ணன். நம் ஊர் ரெயின்போவில் எங்கள் சமையலறைச் சுவரில், கோதுமைக் கிடங்குக்காரர்கள் தரும் காலண்டரில், ஆங்கஸின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அப்பா ஒரு சிவப்புக் கோடு போடுவார். பதினோரு காலண்டரும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. நான்கு வருடம் முன்பு, மார்ச் மாதம், அவனுடைய கிளப் எங்கள் ஊர் மைதானத்துக்கே வந்து ஒரு பயிற்சி ஆட்டம் ஆடியது. புழுதி. சுற்றிலும் ஆட்டு லாரிகள். அன்று ஆங்கஸ் நான்கு கோல் அடித்தான். அதற்கு முன்பும் பின்பும் அவன் நான்கு அடித்ததில்லை. பயிற்சி ஆட்டம் கணக்கில் சேராது என்பது ஊரில் ஆடுகளுக்கும் தெரியும். அப்பா கோடு போட்டுவிட்டார்.

“நாலு கோல் அடிச்சான்ல? என் கண்ணால பாத்தேன்ல? அப்புறம் எப்படி ஆடலைன்னு எழுதறது?” என்கிறார் இப்போதும்.

இது கணக்குப் பிழை இல்லை அத்தை. மதம்.

பிறகு நடந்தது: அப்பா ரசிகர் குழுவுக்கு இரண்டு வாரம் முன்பே போன் செய்து அடுத்த சனிக்கு அடுத்த சனி பையனுக்கு நூறாவது ஆட்டம் என்று சொல்லிவைக்க, அவர்கள் நாற்பது பேர், எல்லோரும் குடும்பமும் வேலையும் உள்ள பெரியவர்கள், ஒரு கூடத்தில் மண்டியிட்டு மூன்று மாலைகள் க்ரேப் காகிதம் ஒட்டி, இரண்டு மாடி உயரத்துக்குப் பதாகை செய்து, அதில் ஆங்கஸின் முகத்தை வரையப் போய் வரைந்தவருக்கு அந்த முகம் சரியாக ஞாபகம் வராமல் வேறு யாரையோ வரைந்து, அன்று அடித்த காற்றில் அது ஆட்டக்காரர்கள் வருமுன்னே நடுவில் கிழிந்து, நூறு வடக்கே ஒரு கம்பத்திலும் ஆங்கஸ் தெற்கே ஒரு கம்பத்திலும் படபடக்க, பதாகையைக் கிழித்துக்கொண்டு ஓடிவர வேண்டியவன் ஏற்கனவே இருந்த ஓட்டை வழியாக மரியாதையாக நடந்துவந்து, ஆட்டம் முழுக்க ஆறு தடவை பந்தைத் தொட்டு, அதில் இரண்டு தடவை பந்துதான் அவனைத் தொட்டு, அறுபது புள்ளி வித்தியாசத்தில் தோற்று, கடைசிச் சங்கு ஊதியதும் வழக்கப்படி இரண்டு பேர் அவனைத் தோளில் தூக்க, எதிரணி இரு வரிசையாக நின்று கைதட்ட, அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு தேம்ப, அந்த நேரம் பார்த்துத் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் மைக்கோடு வந்து, “ஒரு சின்ன விஷயம். எங்க ஏட்டுல தொண்ணூத்தொம்பதுன்னு இருக்கே?” என்றார்.

ஆங்கஸ் அப்போதும் தோள்மேல்தான் இருந்தான்.

“இறக்கிடவாடா, பெஞ்சு?” என்று கீழே இருந்தவன் கேட்டான்.

“மெதுவா இறக்குங்கடா. எல்லாரும் பாக்கறாங்க.”

கிளப் அலுவலகம் ஏன் கவனிக்கவில்லை? ரசிகர் குழு சொல்லியிருந்தது. ரசிகர் குழு அப்பாவை நம்பியிருந்தது. அப்பாவைத் தவிர அவனை யாருமே எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

அடுத்த செவ்வாய் கிளப் அவனைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அணியில் பெயர் இல்லை. இந்த வருடத்துக்கு மிச்சம் ஒரே ஆட்டம். இந்தச் சனி.

ஒன்று குறைந்தால் என்ன என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், உங்களுக்குத் தெரியும். கணவருக்காக மதம் மாறியவர்களை மன்னிக்கும் அப்பா, கிளப் மாறிய உங்களை இருபது வருடமாக மன்னிக்கவில்லை. நூறு ஆட்டம் ஆடியவனின் பிள்ளையை அப்பனுடைய கிளப் முதல் உரிமையோடு எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. தொண்ணூற்றொன்பது ஆடியவனின் பிள்ளை ஊரான் வீட்டுப் பிள்ளை. எந்தக் கிளப்பும் கூட்டிக்கொண்டு போகலாம். உங்கள் கிளப்பும்கூட. அண்ணி கிர்ஸ்டனுக்கு இது ஐந்தாம் மாதம். ஆண் குழந்தை என்று சொல்லிவிட்டார்கள். ஸ்கேன் படத்துக்கு அப்பா கிளப் நிறத்தில் சட்டம் போட்டிருக்கிறார்.

“தொடையப் பாரு டெஸ். என்னமா உதைப்பான்!”

“அது தொப்புள்கொடிப்பா.”

பதினெட்டு வயதில் அதே கிளப்பில் மூன்று வாரம் பயிற்சிக்குப் போய், சொல்லாமல் கொள்ளாமல் திருப்பி அனுப்பப்பட்டவர் அப்பா. உங்களுக்கு அதுவும் தெரியும். நீங்கள்தான் ரயிலடிக்குப் போய்க் கூட்டிவந்தீர்களாம்.

போன வெள்ளி நான்கரை மணி நேரம் காரோட்டி வந்தார். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு கிளப்பின் கார் நிறுத்துமிடத்தில் நின்றார். கையில் ஐஸ் பெட்டி. கோச் வெளியே வந்து அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

“நெவில், கடைசி ஆட்டம்ங்க. புதுப் பசங்களைப் பாக்கணும்ல?”

“எங்கிட்டயும் ஒரு புதுப் பையன் இருக்கான்.”

“யாரு?”

“இன்னும் பொறக்கல.”

கோச் என்னைப் பார்த்தார். நான் ஒரு மரத்தைப் பார்த்தேன்.

“பெட்டில என்ன?”

“ஆட்டுக்குட்டி. பாதி. நம்ம பட்டியில வளந்தது.”

“நான் கறி விட்டு ரெண்டு வருஷமாச்சுங்க.”

இரண்டு வருடமாக அணி ஏன் கடைசி இடத்திலேயே கிடக்கிறது என்பதற்கு அப்பாவுக்கு அங்கேயே காரணம் கிடைத்துவிட்டது. வாயைத் திறக்குமுன் காருக்குள் தள்ளினேன். யோசிக்கிறேன் என்று கோச் சொன்னார். கறியை வாயிற்காவலர் வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு மதியம் ஆங்கஸ் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். கிர்ஸ்டன் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“நீதானே படிச்சவ. கோச்சுக்கு ஒரு மெயில் எழுதிக் குடு.”

“என்னன்னு?”

“முட்டி சரியில்ல, சனிக்கிழமைக்கு என்னைப் பாக்க வேணாம்னு.”

“முட்டி இப்ப நல்லாத்தானே இருக்கு?”

“நெசமாவே சரியில்லன்னா நானே எழுத மாட்டேனா? பொய்யெல்லாம் உனக்குத்தான் அழகா வரும்.”

காரணம் கேட்டேன். படுக்கையறைக் கதவை மெதுவாகச் சாத்தினான். பிறகு சொன்னான்: “அப்பா என்னைத் திட்டினதே இல்ல, டெஸ். ஒரு தடவைகூட. கோடு போடுவாரு, இல்லன்னா போட மாட்டாரு. திங்கக்கெழமை போன் பண்ணா அவரு குரல்லயே தெரிஞ்சுடும். எம் பையன் அந்தப் போனைப் பண்ண வேணாம். அவன் மீன் பிடிக்கட்டும். இல்ல, சும்மா இருக்கட்டும்.”

இருபத்தொன்பது வருடத்தில் அவன் பேசிய முதல் அறிவுள்ள பேச்சு.

எழுதினேன். நான்கு வரி. பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய எதையும்விடச் சுத்தம். கோச் அணியை முடிவு செய்வது புதன் மாலை. அதற்குள் அவன் மெயில் கணக்கிலிருந்து நான் அனுப்பிவிட வேண்டும். நாளைக் காலை அனுப்புகிறேன்.

ஆகவே அத்தை, தொண்ணூற்றொன்பதோடு முடிந்தது. நம் குடும்பத்தில் ஒருவன் கடைசியில் மனிதனானான். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். சனிக்கிழமை நான் நூலகத்தில் இருப்பேன்.

மாமாவுக்கும் உங்கள் நாய்க்கும் என் அன்பு. உங்கள் கிளப் மண்ணைக் கவ்வட்டும் என்று அப்பா சொல்லச் சொன்னார். அவரிடமிருந்து இதற்குமேல் அன்பை எதிர்பார்க்க முடியாது. உங்கள் வீட்டு மூட்டுகள் எல்லாம் திடமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
டெஸ்

பி.கு. இன்று வெள்ளி. இதை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை.

புதன் காலை அந்த மெயிலை நான்கு முறை திறந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு காற்புள்ளியைத் திருத்தினேன். மாலை ஆங்கஸ் வீட்டுக்குப் போனேன்.

“அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன்.”

“நல்லது.”

டீ போடுகிறேன் என்றான். கெட்டிலில் தண்ணீர் ஊற்றாமல் சுவிட்சைப் போட்டான். அது காலியாகச் சூடாவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான்தான் போய் அணைத்தேன்.

நான் அனுப்பியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து அழித்துவிட்டேன்.

நேற்று மாலை அணியை வாசித்தார்கள். கடைசிப் பெயர் அவனுடையது. திட்டப்போகிறான் என்று போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைத் திட்டவில்லை. கோச்சைக் கூப்பிட்டு முட்டி சரியில்லை என்றும் சொல்லவில்லை. அரை மணி கழித்து ஒரே ஒரு செய்தி வந்தது: ‘சனிக்கெழம குளிரும். கோட்டு எடுத்துக்க.’

மேலே உள்ளதை எழுதியது நான்தான். மறுக்கவில்லை.

இன்று காலை மைதானத்துக்குப் போய் டிக்கெட் கேட்டேன். கூட்டமே வராது, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றாள் ஜன்னலில் இருந்த பெண். வேலியோரம் நின்றுகொள்கிறேன் என்று சொல்லி இரண்டு வாங்கினேன். அப்பாவுக்குப் போன் செய்தேன். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.