ரத்தக்கட்டு அல்ல, அண்ணி

அன்பும் மரியாதையும் மிக்க விமலா அண்ணிக்கு,

ஈஜோக்கிலிருந்து துளசி எழுதுவது. இங்கு என் இடது காலைத் தவிர அனைவரும் நலம். கலும்பாங்கில் அண்ணனும் நீங்களும் முழுமையாக நலமென்று நம்புகிறேன். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் மூன்று முடித்துவிடுவதால், கையால் எழுதி, படம் பிடித்து, வாட்சப்பில் அனுப்புகிறேன்.

உங்கள் தோழி, சுளுக்கு எடுக்கும் வள்ளியம்மா அக்காவை நாளைக் காலை என் காலை உருவிவிட அனுப்புவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். தவறு என்னுடையது. யாத்திரைப் பேருந்தில், பக்கத்தில் தூங்கிய அம்மாளை எழுப்பக் கூச்சப்பட்டு, பத்து மணி நேரம் தண்ணீரும் குடிக்காமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வீடு திரும்பியதும் கெண்டைக்கால் வீங்கிச் சுட்டது; சுளுக்கென்று நானே முடிவுசெய்து நான்கு நாள் நொண்டினேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், காலின் ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்று மலாயில் விளக்கினார். அதை நான் சுருக்கி, "ரத்தம் கட்டியிருக்கு" என்று பக்கத்து வீட்டுக் கண்மணியிடம் சொல்லித் தொலைத்தேன். ஊர் அதை ரத்தக்கட்டு ஆக்கிவிட்டது. பார்ப்பவர்களெல்லாம், "எங்க விழுந்தீங்க, டீச்சர்?" "விழல." "அப்ப யாரு அடிச்சா?" அன்று மாலையிலிருந்து ஷேக் தாவூது கடையில் என் வீட்டுக்காரர் குமரவேலுக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "நான் தொடவே இல்ல லா!" என்று அவர் சொல்லச் சொல்லச் சந்தேகம் வலுக்கிறதாம்.

இது அடிபட்டுக் கன்றிப்போனது அல்ல, அண்ணி. உருவினால் அந்த உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய், உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை அதை வளரவிடாமல் தடுக்கிறது. கரைக்கும் வேலையை உடம்பு மெல்லப் பார்த்துக்கொள்ளுமாம். நடக்கவும் சொல்லியிருக்கிறார்கள். தினமும் காலையில் குமரவேல் தையல் டேப்பால் காலை அளக்கிறார்; இரண்டு வாரத்தில் மூன்று சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல; ஆனால் அந்த டேப்பை நம்புகிறேன். ஆகவே எண்ணெயும் வேண்டாம், வள்ளியம்மா அக்காவும் வேண்டாம். படிக்காதவர்களிடம் இதையெல்லாம் விளக்க எனக்குத் தெம்பில்லை.

அண்ணனுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சேர்த்துவிடுங்கள்.

என்றும் பணிவுள்ள,
துளசி

பி.கு.: இதை அனுப்புவதற்குள் வள்ளியம்மா அக்கா ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். நான் இரண்டு கைகளையும் விரித்து வாசலை மறித்தேன். அவர் எட்ட நின்றே காலைப் பார்த்தார். "ஒத்தக் காலு மட்டும் வீங்கியிருக்கு. இதுல நான் கை வெக்க மாட்டேன். டாக்டர்கிட்ட போனியா?" போனேன் என்றேன். "வீங்கி எத்தனாவது நாளு போன?" நான்காவது நாள் என்றேன். "நாலு நாளா! படிச்ச பிள்ளதானே நீ? மொத நாளே எங்கிட்ட வந்திருந்தா, நானே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன் லா!" மேலே அக்காவைப் பற்றி எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள், அண்ணி. அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார் என்றதும், வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார். இருவரும் நடக்கக் கிளம்புகிறோம்.