மருமகள் அலுமினியத்தில் போட்ட மண்

அன்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் இடது புருவம் நீங்கலாக அனைவரும் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் எந்தச் சேதாரமும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் தங்கள் மகள், அதாவது என் மருமகள், காதில் விழுந்துவிடும். ஆகவே இந்தக் கடிதம்.

முப்பத்தொரு வருஷமாக வார்ப்புப் பட்டறையில் அலுமினியம் உருக்கி ஊற்றுகிறவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே. உருகின அலுமினியத்தில் தூசு தும்பு விழக் கூடாது, விழுந்தால் கரண்டியால் வழித்தெறிய வேண்டும், இதுதான் என் தொழில். இப்படியிருக்க, ஒரு வண்டிக் கம்பெனி பிரேக் தட்டு கேட்டது. அலுமினியம் மாதிரி லேசாகவும் இருக்கணுமாம், பீங்கான் மாதிரி தேயாமலும் இருக்கணுமாம். முதலாளி படித்த பொறியாளரை ஊரெல்லாம் தேடி, கடைசியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்தே ஒருத்தியைப் பிடித்துவிட்டார். வீட்டில் மருமகள், பட்டறையில் மேலதிகாரி. நேற்று சாப்பிடும்போது வாய் தவறி, "மேடம், அந்தத் தண்ணியக் கொஞ்சம் தள்ளுங்க"ன்னு கேட்டுட்டேன். என் பையனுக்குப் புரையேறிடுச்சு.

முதல் நாள் உலை பக்கத்துல ஒரு டப்பாவோட வந்து நின்னா. "மாமா, இந்தப் பீங்கான் தூளை உள்ள கொட்டுங்க." "என்னம்மா, என் பொழப்புலயே மண்ணள்ளிப் போடச் சொல்றியா?" "ஆமா மாமா, மெதுவாப் போடுங்க"ங்கறா. போட்டேன். அது உள்ளே இறங்க மாட்டேன்னு மேலேயே மிதந்துச்சு. அவ அந்தப் பக்கம் திரும்பி சூட்டைக் குறிச்சுக்கிட்டிருந்தா. கை சும்மா இருக்குமா? பழக்கதோஷத்துல அத்தனை தூளையும் வழிச்சு வெளியே எறிஞ்சிட்டேன். திரும்பிப் பார்த்தவ நோட்டுல ஏதோ குறிச்சுக்கிட்டு அடுத்த டப்பாவை எடுக்கப் போயிட்டா. அதுதான் சம்பந்தி எனக்குத் தாங்கல, நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ரெண்டாம் தடவை, தூளை நல்லா வறுத்துட்டுப் போடச் சொன்னா. அடிக்கிற வெயில்ல இதுக்கு வேற வறுவலான்னு அப்படியே தட்டினேன். தூள்ல ஈரம் ஒளிஞ்சிருந்திருக்கு. படார்னு தெறிச்சதுல புருவம் போச்சு. மூணாம் தடவை அவ சொன்னபடியே தூளை வறுத்து, அது அலுமினியத்தோட ஒட்டறதுக்குத் துளி மக்னீசியம் சேர்த்து, கலக்குற துடுப்பை உள்ள விட்டுச் சுழல விட்டோம். தூள் சாதுவா உள்ள போயிருச்சு. அடியில தங்குறதுக்குள்ள அச்சுல ஊத்தினோம்.

அதோட முடிஞ்சதா? தட்டைக் கடைசல் பிடிக்கிற லேத்துக்காரர் ஓடி வர்றார், கையில மொட்டையான உளி. "அண்ணே, இது அலுமினியமா சாணைக்கல்லா? மூணு உளியத் தின்னுடுச்சு!" இதைச் சீவ வைர முனைதான் வேணும்னு மருமக முதலாளிகிட்ட எழுதிக் குடுத்தா. லேத்துக்காரர் அதை அவர் சம்சாரத்துகிட்ட சொல்ல, அந்தம்மா என் வீட்டுக்காரிகிட்ட, "உங்க மருமக வைரம் கேட்டாளாம், உங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டாராம்"னு சொல்லியாச்சு. ரெண்டு நாளா வீட்ல எனக்குப் பேச்சு கிடையாது. "கட்டிட்டு வந்து இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு கண்ணாடிக் கல்லாவது வாங்கித் தந்திருக்கீங்களா?"ங்கறதுதான் கடைசியாக் கேட்ட குரல்.

இன்று மத்தியானம் வண்டிக் கம்பெனி ஆள் சோதனைக்கு வருகிறார். தட்டு தேறாவிட்டால் ஆர்டரும் போகும், அவள் வேலையும் போகும். எப்படியானாலும் தாங்கள் சொல்லி அவளை ஏதாவது கல்லூரியில் பாடம் நடத்தச் சேர்த்துவிட்டால் அவளுக்கும் கௌரவம், எனக்கும் நிம்மதி. தங்கள் பேச்சைத்தான் கேட்பாள்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். தங்கள் சின்ன மகனுக்குப் பரீட்சையில் நல்ல மார்க்கும் தங்கள் முழங்காலுக்குச் சீக்கிரக் குணமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் சோதனை முடிந்துவிட்டது. ரெண்டு மணி நேரம் தேய்ச்சும் தட்டு துளிகூடத் தேயல. வந்தவர், "யாரு கலக்கினது?"ன்னு கேட்டார். "எங்க மாமா"ன்னா மருமக. நான் உலையைப் பார்க்கிற மாதிரி திரும்பி நின்னுக்கிட்டேன். அந்த மனுஷன் போகிற போக்கில் அவளைத் தன் கம்பெனிக்கே வரச் சொல்லிட்டுப் போயிருக்கார். ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து தங்களிடம் யோசனை கேட்பாள். தயவுசெய்து போக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கல்லூரியும் வேண்டாம். நான் கேட்டுக்கொண்டதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.