பளபள இசை விருதும் என் தங்கையின் கண்ணீரும்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான். இவையெல்லாம் தொலைக்காட்சி இசை விருது விழாவுக்கான ஆயத்தப் பணிகளே என்பது என் தாழ்மையான கருத்து. அந்த விழாக்களைப் பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்கும் கலை விரோதிகளுக்காக, நான் கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

என் தங்கை றேணுகா கண்டியில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். மழையில் நனைந்துகொண்டு பன்வில பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களைப் பற்றி அவளே ஒரு பாட்டுக் கட்டி, போனில் பதிந்து இணையத்தில் போட்டாள். பஸ் நேரத்துக்கு வராத ஊர்களிலெல்லாம் அதை விரும்பிக் கேட்டார்கள். ஆகவே நாடு முழுக்கக் கேட்டார்கள்.

உடனே ஒரு தொலைக்காட்சி நிலையம் 'பளபள சவர்க்காரம் வழங்கும் இசை விருது' விழாவின் 'மண்ணின் குரல்' பிரிவுக்கு அவளைத் தெரிவு செய்தது. விழா பல்லேகலயில். பக்கத்து வீட்டு டொரதி அக்கா தன்னுடைய கல்யாணச் சேலையையே இரவல் கொடுத்தார்.

"மேடையில பாடவும் விடுவாங்கதானே?" என்று கேட்டார்.

"பாட்டுக்குத்தானேக்கா விருது!" என்றேன். இந்தத் துறையில் அப்போது எனக்கு அனுபவம் போதாது.

மண்டபத்தில் நிரோஷன் என்ற இயக்குநர் எங்களை வரவேற்றார். கழுத்தில் அட்டை, காதில் கருவி, முகத்தில் தேசப் பொறுப்பு.

"முதல்ல எல்லாரும் எழும்பி நின்னு கைதட்டுங்க."

"யாருக்கு சேர்?"

"யாருக்கும் இல்ல. எடுத்து வெச்சுட்டா பிறகு வேணுங்கிற இடத்துல போட்டுக்குவோம்."

எத்தனை தொலைநோக்கு! இன்னும் பாடாத பாட்டுக்கு நாங்கள் உள்ளங்கை சிவக்கத் தட்டினோம். பிறகு இன்னும் சொல்லாத நகைச்சுவைக்குச் சிரித்தோம். அதற்குப் பிறகு அவர் கமராவோடு றேணுகாவிடம் வந்தார்.

"மிஸ், கொஞ்சம் அழுங்க."

"ஏன் சேர், நான் தோத்துட்டேனா?"

"சேச்சே, ஆனந்தக் கண்ணீர்."

"அப்ப ஜெயிச்சுட்டேனா?"

"அது மேலிடத்து முடிவு மிஸ். நீங்க அழுங்க, காரணத்தை நாங்க பாத்துக்கிறோம்."

றேணுகாவுக்கு அழுகை வரவில்லை. கமராக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிரோஷன் குரலைத் தாழ்த்தி, "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

எங்கள் அம்மா தவறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தங்கையின் உதடு கோணியது, பிறகு உடம்பே குலுங்கியது. நான் கையை நீட்டினேன்.

"அண்ணே, கையை எடுங்க, ஷொட்ல விழுது," என்றார் இயக்குநர். எடுத்துவிட்டேன். கலைக்குக் குறுக்கே நிற்கலாமா?

விழா தொடங்கியது. விழாச் செலவை ஏற்ற அனுசரணையாளர் பேசினார். அனுசரணையாளரை அறிமுகப்படுத்தியவரைப் பாராட்டி இன்னொருவர் பேசினார். நேரம் போதாமல் போனதால், அவசியமில்லாத அம்சம் ஒன்றை நீக்க வேண்டியதாயிற்று. பாட்டை நீக்கினார்கள்.

'மண்ணின் குரல்' விருது பளபள சவர்க்கார விளம்பரத்தில் பாடிய பெண்ணுக்குக் கிடைத்தது. மண்ணைக் கழுவுவதற்கென்றே தயாரான பொருளுக்கு மண்ணின் குரல் விருது! நடுவர் குழுவின் ஆழத்தை நான் மெச்சினேன். வரும் வழியில் றேணுகா, "ஒரு வரியாவது பாட விட்டிருக்கலாம்ண்ணே," என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஒளிபரப்பு. அயலெல்லாம் எங்கள் வீட்டு ஹாலில் கூடியது. கதிரை போதாமல் சிலர் பாயில் இருந்தார்கள். திரையில் சவர்க்காரப் பாட்டு ஒலித்தது. நடுவில் திடீரென்று என் தங்கை. முகம் முழுத் திரைக்கும் வந்தது. கண்ணீர் ஓடியது. கீழே எழுத்து: 'பளபள பாடலில் உருகும் றேணுகா'. பின்னணியில் எங்கள் கைதட்டல்.

"என்னடி, ஒரு சோப்புப் பாட்டுக்கா இப்படி அழுத?" என்றார் டொரதி அக்கா.

"அது அம்மாவுக்கு அழுதது," என்றாள் றேணுகா.

அவள் எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, வாத்தியம் எதுவும் இல்லாமல் பஸ் பாட்டைப் பாடினாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. முடிந்ததும் கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. டொரதி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெறிப்படுத்த ஆளில்லாத நிகழ்ச்சி இப்படித்தான் இருக்கும்.

மறுநாள் நிரோஷன் தொலைபேசியில் அழைத்தார். றேணுகா எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். உற்சாகமாக இருந்தார்.

"மிஸ், முழு விழாவிலும் ஆக்கள் கூடுதலாப் பாத்தது உங்க அழுகையைத்தான். அடுத்த வருஷமும் கட்டாயம் வாங்க."

"பாடவா சேர்?"

"அழ."

"அதுக்கு எங்க வீட்டுல இன்னும் யாராவது சாகணுமே சேர்."

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. மனம் உருகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"பரவாயில்ல மிஸ், சிரமப்படாதீங்க," என்றார். "இந்த வருஷம் எடுத்ததே நல்லாத்தான் இருக்கு. அதையே போட்டுக்குவோம்."

ஆகவே வாசகர்களே, இசை விருது விழாக்களைத் தவறாமல் பாருங்கள். நீங்கள் பார்க்கிறீர்கள் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அவர்கள் இதையெல்லாம் செய்கிறார்கள்.